ஐந்து முறை போகும் பெட்டி

என் தம்பி நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி அவனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வராது.

அவன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறான். பெரிய கம்பெனிகள் ஒரு சரக்கைச் செய்து, பெட்டியில் கட்டி, லாரியில் ஏற்றிக் கடையில் இறக்குவதற்குள் எங்கெங்கே என்னென்ன வீணாகிறது, அதை எப்படிக் குறைக்கலாம் என்று கண்டுபிடிக்கும் வேலை. வீட்டில் அவனுக்குப் பெயரே ஆராய்ச்சிதான். ஆராய்ச்சி எழுந்தாச்சா, ஆராய்ச்சி குளிச்சாச்சா என்றுதான் கேட்போம். அவனும் கோபித்துக்கொள்ள மாட்டான்.

என் வீட்டுக்காரர் அட்டைப்பெட்டி செய்கிறவர். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட். அட்டை வெட்ட, மடிப்புக்குக் கோடு போட, மூலைகளைச் சேர்த்துக் கம்பிப் பின் அடிக்க, மேலே எழுத்து அச்சடிக்க என்று மெஷின்கள். ஆறு பேர் வேலை பார்த்தார்கள். ஒரு சோப்புக் கம்பெனி கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் பெரிய பெட்டிகள் எல்லாம் எங்களிடமிருந்துதான் போகும். அந்த ஒரு வாடிக்கையை வைத்துத்தான் ஷெட் ஓடியது. மற்ற ஆர்டர்கள் எல்லாம் கைச்செலவுக்குக் காணாது.

அந்தக் கம்பெனியையே தம்பி ஆராய்ச்சிக்கு எடுத்தான். "நம்மாளு ஒருத்தன் உள்ள இருந்தா நமக்கு நல்லதுதானே" என்றார் என் வீட்டுக்காரர். எங்கள் வீட்டிலேயே வந்து தங்கினான். என் கையால் மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு, ஷெட்டில் போய் நின்று கேள்வி மேல் கேள்வி கேட்டான்.

"மாமா, இந்தப் பெட்டி ஒரு தடவை போனா அவ்ளோதானா?"

அவரிடம் இதைக் கேட்டிருக்கக் கூடாது. பெண்டாட்டியைக் குறை சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பார். பெட்டியைக் குறை சொன்னால் ரோஷம் பொத்துக்கொண்டு வரும். ஒரு பெட்டியை எடுத்துக் கவிழ்த்துப் போட்டு, தொப்பையும் தானுமாக அதன் மேல் ஏறி நின்றார். பெட்டி அசையவில்லை.

"ஒரு தடவையா? கடைக்காரன கத்தி வைக்காம டேப்ப மட்டும் உரிக்கச் சொல்லு. மடிச்சு, வந்த லாரியிலயே திருப்பி ஏத்தச் சொல்லு. அஞ்சு தடவை போகும் மாப்ள. போகலேன்னா என் பேரை மாத்தி வச்சுக்கறேன்."

நான் காப்பித் தம்ளர்களுடன் வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

தம்பி இதைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்ததும், கம்பெனி சோதித்துப் பார்த்ததும் எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் பெட்டியில் அச்சடிக்கப் புது டிசைன் வந்தது. ஒரு பச்சை இலை, அதன் கீழே, 'இந்தப் பெட்டி ஐந்து முறை பயணம் செய்யும். கிழிக்காதீர்கள்.' என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. "நான் சொன்னத அப்படியே போட்டிருக்கான் பாரு!" என்று ஷெட்டில் ஒருவர் விடாமல் காட்டினார்.

கூடவே வந்த ஆர்டரைப் பார்த்தது நான்தான். வழக்கமாகக் கேட்பதில் ஐந்தில் ஒரு பங்கு. தப்பாக அடித்துவிட்டார்களோ என்று போன் செய்தேன். தப்பில்லை, இனிமேல் இவ்வளவுதான் என்றார் கம்பெனி அதிகாரி. ரொம்ப மரியாதையாகப் பேசினார். உங்கள் பெட்டி அருமை என்று நன்றிகூடச் சொன்னார்.

அந்த வாரமே மூன்று பேரை நிறுத்தினோம். பின் அடிக்கிற பெண், "நான் என்னக்கா தப்பு பண்ணேன்?" என்று கேட்டாள். தப்பே பண்ணவில்லை, ஒழுங்காகப் பின் அடித்தாய், அதனால்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். அவன் ஆராய்ச்சியைப் பற்றி ஏதோ பெரிய கூட்டத்தில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்களாம். லேப்டாப்பைத் திறந்து படம் காட்டினான். கட்டம் கட்டமாக ஆலை, கிடங்கு, கடை. நடுவில் போகவும் வரவும் அம்புக்குறிகள்.

"இதுல நாங்க எங்கடா இருக்கோம்?"

மூலையில் ஒரு சின்னக் கட்டத்தைத் தொட்டான். அதிலிருந்து கிளம்பிய அம்பு நூல் மாதிரி இருந்தது.

"முந்தி இது தடியா இருந்திருக்குமே?"

"ஆமாக்கா, அதான் சேமிப்பே." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஷெட்ட மூடப் போறோம்டா. இப்படி ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா." லேப்டாப்பை மூடினான். "பெட்டிக்கு விலைய ஏத்திக் குடுக்கணும்னும் எழுதியிருந்தேன். அத மட்டும் விட்டுட்டாங்க. ஆனா நான் சொன்னது தப்பில்லையேக்கா. எவ்ளோ அட்டை குப்பைக்குப் போய்ட்டிருந்துச்சு தெரியுமா?"

தப்பில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொய் சொல்லிக் கெடுத்திருந்தால் நாலு அறை விட்டு மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

அப்போது என் வீட்டுக்காரர் ஷெட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். இந்த மனிதர் இன்றைக்காவது கத்த வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவர் ஒரு வார்த்தை திட்டினால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தம்பிக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"மாப்ள, நிஜமாவே அஞ்சு தடவை போச்சா?"

தம்பி நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஏழு தடவை போச்சு மாமா. எதுக்கும் இருக்கட்டும்னு அஞ்சுன்னு குறைச்சுப் போட்டாங்க."

"ஏழா!"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. கல்யாண மேடையில்கூட அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. என் பக்கம் திரும்பி, "கேட்டியா? ஏழு!" என்றார்.

இத்தனை வருஷத்தில் அவர் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எந்த மூலையில் இன்னும் ஒரு பின் அடித்தால் எட்டாவது தடவையும் தாங்கும் என்று அவர் என் தம்பிக்கு விளக்கிக்கொண்டிருந்தது கதவுக்கு இந்தப் பக்கமும் கேட்டது.