கிறீன் லேன்ஸில் கை நனைத்தல்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இது ஒட்டுக்கேட்ட கதை. லண்டன் கிறீன் லேன்ஸில் ஒரு துருக்கிச் சாப்பாட்டுக் கடையில், பக்கத்து மேசையில், தனியாகப் பருப்பு சூப் குடித்துக்கொண்டிருந்தேன். மிச்சத்தை வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இட்டுக்கட்டினேன். எது காதில் விழுந்தது, எது பஸ்ஸில் முளைத்தது என்று இப்போது எனக்கே தெரியாது.

2

"கரியடுப்பின் புகை மண்டிய அந்த மாலையில் இரு குடும்பங்களின் விதி..." (விதியாவது மண்ணாவது. அடித்துவிட்டேன்.)

சரியான தொடக்கம்: வெஸ்ட் ஈலிங்கிலிருந்து சிவனேஸ்வரி மகன் ஆரணனோடு வந்தார். குட்மேய்ஸிலிருந்து அருமைநாயகி மகள் ஷெறோனோடு வந்தார். பிள்ளைகள் கல்யாணம் செய்ய முடிவெடுத்துவிட்டார்கள். ஒரு வீடு சைவம், மற்ற வீடு கத்தோலிக்கம். கோயிலும் வேண்டாம், தேவாலயமும் வேண்டாம், பொதுவாகத் துருக்கிக் கடை என்றான் ஆரணன்.

"ஒருக்கா வந்து அவையோட இருந்து சாப்பிடுங்கோ அம்மா. சரிவராட்டி நாங்கள் கவுன்சிலிலை ரெஜிஸ்டர் பண்ணுறம். நீங்கள் வரத் தேவையில்லை."

அந்தக் கடைசி வசனம் சிவனேஸ்வரியை மூன்று நாள் அரித்தது. ஒரே மகன்.

(அப்பாமார் இருவரையும் இரண்டாம் வரைவில் நீக்கினேன். மேசை நான்கு பேருக்குத்தான்.)

3

ஷெறோனுக்கு ஷிப்ட் இல்லாத நாள் வெள்ளிக்கிழமை மட்டும். சிவனேஸ்வரி முப்பது வருடமாக வெள்ளியில் மச்சமாமிசம் தொடாதவர். ஆனாலும் மகனிடம் சொல்லிவைத்தார். "என்ரை விரதத்தைப் பற்றி வாய் திறக்காதை. பட்டிக்காடு எண்டு நினைப்பினம்." வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள், இறைச்சி இல்லாமல் எழும்பமாட்டார்கள் என்று தானாகவே முடிவுகட்டி, பெரிய இறைச்சித் தட்டம் ஒன்றுக்கு ஓடர் கொடுத்தார். முதலில் வந்த பாண் ரொட்டியையும் சுட்ட வெங்காயத்தையும் "நாங்கள் கேட்கேல்லை" என்று திருப்பி அனுப்பினார். அது சும்மா தருவது என்று நான் சொல்லியிருக்கலாம். கதைசொல்லி தலையிடக்கூடாது என்ற கொள்கையில் என் பாணைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தேன்.

தட்டம் வந்தது. ஆட்டு விலா, கோழி, கொத்திறைச்சிக் கபாப்.

"நீங்கள் எடுங்கோ," என்றார் சிவனேஸ்வரி.

"இல்லையில்லை, நீங்கள் முதல் தொடங்குங்கோ," என்றார் அருமைநாயகி.

சிவனேஸ்வரி ஒரு துண்டை எடுத்து வெட்டினார். வெட்டியதை மறுபடி வெட்டினார். வாய்க்குப் போகவில்லை. எதிர்த் தட்டைப் பார்த்தார். அங்கேயும் துண்டு அப்படியே கிடந்தது. அவருக்குப் பகீரென்றது.*

* சம்பந்தம் பேசுகிற இடத்தில் கை நனைத்தால் சம்மதம். நனைக்காவிட்டால் இல்லை. கத்தியும் முள்ளுக்கரண்டியும் பிடிக்கிற ஊரில் யாருடைய கை நனைகிறது என்று என்னிடம் கேட்காதீர்கள்.

4

அருமைநாயகியை நான் முதலில் திமிர் பிடித்தவராக எழுதினேன். அநியாயம். பிறகுதான் காலண்டரைப் பார்த்தேன். தவக்காலத்து வெள்ளி. அவருக்குச் சுத்தபோசனம், இறைச்சி ஆகாது. அவரும் மகளின் வாயைக் கட்டிப்போட்டிருந்தார். பிள்ளைகள் இருவரும் வாழ்க்கையில் முதல்முறையாகத் தாய் சொல்லைக் கேட்ட நாள் அது.

சிவனேஸ்வரிக்கு இதெல்லாம் தெரியாது. அவர்களுக்கு விருப்பமில்லை என்று மட்டும் விளங்கியது. மகன் கைவிட்டுப் போகிறான் என்ற பயத்தில் கண் கலங்கியது. வெங்காயத்தின் மேல் பழியைப் போடவும் வழியில்லை. திருப்பி அனுப்பியாயிற்று.

5

முடிவு அ: சிவனேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டு இறைச்சியை விழுங்குகிறார். (எழுதினேன். முப்பது வருட வெள்ளிக்கிழமைகள். கை கூசியது.)

முடிவு ஆ: ஆரணன் எழுந்து உண்மையை (இவனா?)

நடந்தது இதுதான். பொழுது பட்டது. ரம்ழான் மாதம்; பரிமாறியவரும் காலையிலிருந்து பட்டினி. (யார் நம்புவார் என்று இதை வெட்டினேன். காலண்டர் திரும்பவும் சேர்த்துவிட்டது.) நோன்பு திறக்கிற நேரம், நீங்களும் எடுங்கள் என்று அவர் மேசை மேசையாகப் பேரீச்சம்பழம் நீட்டினார்.

இரண்டு தாய்மாரின் கைகளும் ஒன்றாகப் போயின. கத்தியும் இல்லை, முள்ளும் இல்லை. இருவர் விரல்களிலும் பழம் பிசுபிசுத்தது.

"நல்ல பசியோ?" என்று அருமைநாயகி மெதுவாகக் கேட்டார். "நீங்களும் ஒண்டும் சாப்பிடேல்லையே?"

சிவனேஸ்வரியின் வாயில் கொட்டை இருக்கிறது. துப்பினால்தான் பதில் சொல்லலாம். வயிறு நிறைந்துவிட்டது என்றும் சொல்லலாம், இன்று வெள்ளிக்கிழமை என்றும் சொல்லலாம். என் சூப் முடிந்துவிட்டது, நான் எழும்பி வந்துவிட்டேன். அடுத்த வசனம் உங்களுடையது. கெதியாக எழுதுங்கள். ஆரணன் தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.