இரண்டு பக்கமும் ஏழு மணி நேரம்

அப்பாவின் தாடையை ஏந்தித் துணியைச் சுற்றி, உச்சந்தலையில் முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தபோது மூத்தவளின் கைபேசி அடித்தது. தம்பி. அறைக்கதவைச் சாத்திவிட்டு எடுத்தாள்.

"அக்கா, இறங்கிட்டேன். பாதி தூரம் வந்தாச்சு. அப்பா எப்படி இருக்கார்?"

உயிர் பிரிந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"தூங்கறார்டா."

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டு அவன் வந்து நின்ற அன்று, உறவுக்காரர்கள் அத்தனை பேர் எதிரிலும் அப்பா சொன்னார்: "இனி நான் கூப்பிட்டாத்தான் இந்தப் படி ஏறணும்." அவர் கூப்பிடவில்லை. இவனும் ஏறவில்லை. சொன்ன சொல்லை மாற்றிப் பழகாத குடும்பம் என்பதில் மூத்தவளுக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனால் ஒரே மகன் இல்லாமல் அப்பாவை நாலு பேர் முன்னால் தூக்கிப் போவதா? அதனால்தான் முந்தாநாள், "அப்பா உன்னைக் கூப்பிடறார்" என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொய்யைச் சொன்னாள்.

கதவுக்கு வெளியே சித்தப்பா குரல் கொடுத்தார். "நாளைக்குக் காலையில பத்து மணின்னு எல்லாருக்கும் சொல்லிட்டேன். அதுக்குள்ள துரை இறங்கிடுவாரா, இல்ல ஆகாசத்துலயே குடித்தனமா?"

அவள் கைபேசியைப் பொத்திக்கொண்டாள். "வந்துடுவான் சித்தப்பா."

"அக்கா, கேக்குதா? இங்கேருந்து உங்க பக்கமும் ஏழு மணி நேரம், என் பக்கமும் ஏழு மணி நேரம். ரெண்டுக்கும் டிக்கெட் கையில இருக்கு."

"எதுக்குடா ரெண்டு?"

"நீ சொன்னதை நம்பல. அவர் வாயால ஒரு 'வா' சொல்லட்டும். எழுப்பி, காதுல வை."

உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால், 'கூப்பிட வேண்டியவரே போயிட்டார், நான் எதுக்கு?' என்று திரும்பிவிடுவான். அவன் இடத்தில் அவளும் அதையேதான் செய்திருப்பாள். அவன் பேசி முடிக்கட்டும், தலையாட்டினார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அப்பாவின் காதில் கைபேசியை அழுத்தி வைத்தாள்.

"அப்பா, நான்தான்." குரல் கசிந்தது. "உங்க பேத்திக்கு அப்படியே உங்க மூக்கு. பேச முடியலேன்னா ஒரு முனகல் போதும்ப்பா."

அவன் காத்திருந்தான். அவன் பக்கம் யாரோ ஒலிபெருக்கியில் ஊர்ப் பெயர்களை அடுக்கினார்கள். அவள் மூச்சைக்கூட விடவில்லை.

"முழிச்சுக்கிட்டுதான் இருக்கார்க்கா."

அவள் கைபேசியைப் பிடுங்கி எடுத்தாள். "இல்லடா, தலையை..."

"இந்த மௌனம் எனக்குத் தெரியாதா? சின்ன வயசுலேருந்து வாங்கறேன். என் பக்கம் போற விமானத்துக்குக் கூப்பிட்டுட்டாங்க. அவரைப் பாத்துக்கோ."

"தம்பி, அப்பா போயிட்டார்டா!"

இணைப்பு அறுந்திருந்தது. மறுபடி அழைத்தாள். மறுபடியும். மூன்றாவது தடவை, அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொன்னது.

இனி ஏழு மணி நேரம் கழித்துத்தான் அவனுக்குத் தெரியும். அங்கிருந்து இங்கே பதினாலு. இருபத்தொன்று, நாளை சாயங்காலமும் தாண்டிவிடும்.

சித்தப்பா கதவைத் தட்டினார். "என்னம்மா, வேணும்னா சாயங்காலத்துக்குத் தள்ளி வெச்சுக்கலாமா? எப்ப வரானாம்?"

"பத்து மணிக்கே எடுத்துடலாம்."

அவர் காலடிச் சத்தம் கூடத்துப் பக்கம் நகர்ந்தது.

கைபேசியின் விளிம்பு அழுத்திய கோடு அப்பாவின் கன்னத்தில் இருந்தது. அவள் கட்டைவிரலால் நீவினாள். கோடு அப்படியே இருந்தது.