கதவைத் திறந்தது யார்?

படம் முடிந்து, விளக்கெல்லாம் போட்டு, ஜனம் மொத்தமும் வெளியே போன பிறகுதான் குட்டிக்கு விழிப்பு வந்தது. துடைப்பத்தோடு ஒரு அம்மாள் அவள் தோளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"எழுந்திரும்மா. அடுத்த ஷோவுக்குள்ள பெருக்கணும்."

குட்டி திரையைப் பார்த்தாள். வெள்ளையாக இருந்தது.

"கடைசியில கதவை யாரு தெறந்தாங்க?"

"எனக்கென்னம்மா தெரியும்? கடைசிப் பாட்டு ஓடும்போதுதான் நான் உள்ள வருவேன். இத்தனை வருஷத்துல எல்லாப் படத்துலயும் கடைசிப் பாட்டு மட்டும்தான் பாத்திருக்கேன்."

குட்டி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். வயது ஐம்பதை நெருங்கிவிட்டது, அண்ணன் வைத்த செல்லப்பெயர் மட்டும் வளரவில்லை. ஸ்டியரிங் கையில் இருந்தால் எத்தனை மணி நேரமானாலும் கண் அசராது. ஸ்டியரிங் இல்லாத இருக்கையில் உட்கார வைத்தாலோ கும்பகர்ணன் தோற்றான். பல் பிடுங்கிக்கொள்ளப் போன இடத்தில், வாயைத் திறந்தபடியே தூங்கியவள் என்று பெயர் வாங்கியவள். போதாக்குறைக்கு ஒரு வாரமாக அண்ணியும் அவளும் முறை வைத்து அண்ணன் பக்கத்தில் விழித்திருக்கிறார்கள். அந்த உடம்புக்கு இருட்டும் குளிரும் மெத்தை நாற்காலியும் கிடைத்தால் விடுமா?

ஆனால் இன்றைக்குத் தூங்கியிருக்கக் கூடாது. எல்லா நாளும் தூங்கலாம், இன்றைக்கு மட்டும் கூடாது.

அண்ணனுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. கடைத்தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'முதல் பாகம்' என்பார்கள். எந்தப் படத்தின் இரண்டாம் பாகம் வந்தாலும், "முதல் பாகம் மாதிரி வராது" என்று அவர் சொல்லி முடித்த பிறகுதான் ஊருக்கே படம் வெளியானதாகக் கணக்கு. கண் பரிசோதிக்க வந்தவன் முகத்தில் சோதனைச் சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்கிற இடைவெளியிலேயே ஒரு சொற்பொழிவு நடக்கும்.

"ரெண்டாம் பாகம்ங்கறது, விருந்துக்கு வந்துட்டுப் போனவன் குடையை மறந்துட்டேன்னு திரும்பி வர்ற மாதிரி. குடையை எடுத்தோமா, போனோமான்னு இருக்கணும். மறுபடி உக்காந்து எலையைப் போடுன்னா?" என்பார். ஹீரோ தலைக்குச் சாயம் பூசியிருந்தால் பத்து மதிப்பெண் குறைப்பார். பழைய பாட்டையே இரைச்சலாக்கிப் போட்டிருந்தால் இருபது. செத்த வில்லனுக்கு ஒரு இரட்டைப் பிறவி முளைத்தால் எழுந்து வெளியே வந்துவிடுவார். "செத்தவன் செத்தவன்தான். அதுலதான் படத்துக்கு மரியாதை."

இப்படிப்பட்ட மனுஷன் தன் வாழ்நாளில் ஒரே ஒரு இரண்டாம் பாகத்துக்காகக் காத்திருந்தார். எந்தப் பூட்டையும் திறக்கக்கூடிய ஒரு திருடனின் கதை அது. அந்தப் பூட்டுக்காரன் ஊர்ப் பூட்டையெல்லாம் திறந்துவிட்டு, பல வருஷம் கழித்துத் திருந்தித் தன் வீட்டு வாசலில் வந்து நிற்பான். பூட்டைத் தொடாமல் கதவைத் தட்டுவான். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் நகரும். திரை இருண்டுவிடும். அவ்வளவுதான். கதவைத் திறந்தது யார் என்று இருபது வருஷத்துக்கும் மேலாக யாரும் சொல்லவில்லை.

அண்ணன் கட்சி, திறந்தது பெண்டாட்டி. பக்கத்துக் கடையில் பல் வைத்தியம் பார்க்கும் டாக்டர் கட்சி, திறந்தது வெறும் காற்று, வீட்டில் யாருமே இல்லை. இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவர் கேட்ட விவாதத்தை வேறெந்தச் சுவரும் கேட்டிருக்காது.

இரண்டாம் பாகம் வருகிறது என்றார்கள். தள்ளிப் போனது. அதற்குள் அண்ணனுக்கு நுரையீரல் கெட்டுப்போனது. படம் மறுபடி தள்ளிப் போனது. அவரும் சளைக்காமல் தன்னுடையதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். கடைசியில் இன்றைக்குக் காலை படம் வந்தேவிட்டது. ஆனால் அவரால் கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை. ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தியேட்டருக்குத் தூக்கிப் போகலாமா என்று டாக்டர் கேட்டதற்கு, வீட்டுக்கு வருகிற நர்ஸ் ஒரு முறை முறைத்தாள். பிறகு குட்டியைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னிக்கோ நாளைக்கோதாங்க" என்றாள்.

"நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு குட்டி," என்றார் அண்ணன். பார்க்காத படத்தின் கதையை யார் வாயைத் திறந்து சொன்னாலும் ஒரு வருஷம் பேச்சை நிறுத்துகிற வீட்டில், அதுவே பெரிய வார்த்தை.

"டாக்டரை அனுப்பலாமே அண்ணா. நான் தூங்கிடுவேன்."

"அவன் போனா கதை சொல்ல மாட்டான், விமர்சனம் சொல்லுவான். நீ போ."

அப்படி அனுப்பப்பட்டவள் தியேட்டர் வாசலில் நின்று செல்போனைத் தடவினாள். முதல் ஷோ பார்த்தவர்கள் எல்லாரும், 'சொன்னால் சுவாரசியம் போய்விடும்' என்றே எழுதி வைத்திருந்தார்கள். அண்ணனின் சட்டத்துக்கு உலகமே கட்டுப்பட்டுவிட்டது. அடுத்த ஷோவுக்குக் காத்திருக்கலாம். அதுவரை அவர் காத்திருப்பாரா? வீடு அடுத்த தெருதான். போய் உண்மையைச் சொல்லி, காலில் விழுவது என்று முடிவு செய்துகொண்டு ஓடினாள்.

உள்ளே நுழைந்தவளுக்கு வாய் எழவில்லை. கட்டிலருகே அண்ணியும் டாக்டரும் நிற்க, அண்ணன் மூன்று தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை மாற்றியிருந்தார். தலை வாரியிருந்தது. ஒரு வாரமாக மேசையில் கிடந்த மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டிருந்தார்.

"கதை கேக்க எதுக்குக் கண்ணாடின்னு கேட்டேன். 'படம்டி, படம்'ங்கறாரு," என்றாள் அண்ணி.

அண்ணன் குட்டியை ஒரு நிமிஷம் நன்றாகப் பார்த்தார். பிறகு கையை ஆட்டினார். "நீங்க ரெண்டு பேரும் வெளிய போங்க. இன்னும் பாக்கல இல்ல?"

"சாகப் போற நேரத்துலயும் சட்டம் பேசறான் பாரு," என்று டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே பால்கனிக்குப் போனார். அண்ணி சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ம். ஆரம்பி. தலைக்குச் சாயமா?"

"இல்லண்ணா. நரைச்ச தலைதான்." அது உண்மை. அவள் பார்த்தது அந்த முதல் காட்சி ஒன்றுதான். "பஸ் ஸ்டாப்புல தனியா உக்காந்திருக்கான். கதவைக் காட்டவே இல்ல."

"நல்ல ஆரம்பம்." மூச்சு வாங்கியது. "அப்புறம்?"

அப்புறம் குட்டியின் கண் மூடிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. ஆனது ஆகட்டும் என்று வாயைத் திறந்தாள்.

"ஒரு பஸ் வருது."

பஸ் வந்தால் அவளுக்கு என்ன பயம்? பூட்டுக்காரனை ஏற்றிக்கொண்டாள். தினமும் தான் ஓட்டுகிற தடத்திலேயே அவனைக் கூட்டிப் போனாள். மருத்துவமனை நிறுத்தத்தில் கட்டுப்போட்ட கையோடு ஒருவன் ஏறினான், பழைய கூட்டாளி. பாலத்தின் மேல் பிரேக் பிடிக்கவில்லை. பூட்டிய கிடங்கு ஒன்றில் சின்னப் பெண் ஒருத்தி மாட்டிக்கொண்டாள். இனிப் பூட்டைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தவன், அவளுக்காகத் தொடுவதா வேண்டாமா என்று நின்றான். எங்கிருந்து வந்தது இதெல்லாம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"பஸ்ஸை ஓட்டறது யாரு?" என்றார் அண்ணன் திடீரென்று.

"ஒரு பொம்பள டிரைவர்."

"ஓ."

"அடிக்கடி கண்ணாடியில அவனையே பாக்கறா. அவனுக்கு அவளைத் தெரியல."

"ம். இடைவேளைக்கு அப்புறம் கொஞ்சம் இழுக்குதோ?"

"எங்க இழுக்குது? ஒண்ணும் இழுக்கல!" என்று சீறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான், வலித்தாலும் சொல்ல முடியாது. அண்ணன் சிரிக்க முயன்று இருமினார். அவள் முதுகைத் தடவிவிட்டாள். விரலுக்கு எலும்பெல்லாம் தட்டுப்பட்டது. இந்த முதுகில் உப்பு மூட்டை ஏறித்தான் அவள் பள்ளிக்கூடம் போனாள். அழுகை வந்தது. பஸ்ஸை நடுவழியில் நிறுத்தக் கூடாது என்று விழுங்கிக்கொண்டாள்.

"சம்சாரம்?" என்றார் இருமல் அடங்கியதும்.

"காத்திருந்து காத்திருந்து... செத்துப் போயிட்டாண்ணா."

"கனவுல, கினவுல திரும்பி வரலையே?"

"வரல."

"நல்லது. செத்தவங்க செத்தவங்கதான்." இதைச் சொல்லும்போது அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ நான் தோத்தேன். கதவைத் தெறந்தது யாரு? காத்தா?"

இந்த இடத்துக்குத்தான் அவள் பயந்துகொண்டிருந்தாள். பெண்டாட்டி என்றே சொல்லியிருந்தால் அவர் ஜெயித்திருப்பார். ஆனால் ரசிகன் கேட்டதை அப்படியே எடுத்துக் கொடுத்தால் அது படமில்லை, லஞ்சம் என்பார். அவளுக்குத் தெரியும்.

"தங்கச்சி," என்றாள்.

"யாரு தங்கச்சி?"

"அவனோட தங்கச்சி. அந்த டிரைவர். அண்ணி போனதுக்கப்புறம் அந்த வீட்டை அவதான் பாத்துக்கிட்டிருந்தா."

"முதல் பாகத்துல தங்கச்சியே கெடையாதே?"

"இருந்தாண்ணா. அவளுக்கு வசனம் எதுவும் இல்ல. அதனால யாரும் கவனிக்கல."

ஆக்ஸிஜன் இயந்திரம் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடிக்குள் கண்ணைச் சுருக்கி, அவள் முகத்தில் எதையோ படித்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

"இவ்வளவு வருஷம் கழிச்சு வந்து நிக்கறான். அவ என்ன கேட்டா?"

"ஒண்ணும் கேக்கல. 'சாப்டியா'ன்னா."

"அதான் கடைசி வசனமா?"

"ஆமா."

கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். "முதல் பாகத்தைவிட ஒரு இழை மேல," என்றார்.

எந்தப் படத்துக்கும் அவர் இப்படிச் சொன்னதில்லை. ஏமாற்றி வாங்கிய பாராட்டு. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் அவர், "டாக்டரைக் கூப்பிடு, ரெண்டு வார்த்தை பேசணும்," என்றார். அவள் எழுந்து, பால்கனியிலிருந்த டாக்டரை உள்ளே அனுப்பிவிட்டு, சமையலறைக்குப் போய் அண்ணி பக்கத்தில் நின்றாள்.

சாயங்காலம் அண்ணி தலையணை உறையை மாற்றிக்கொண்டிருந்தபோது அவர் போய்விட்டார். "கொஞ்சம் தலையைத் தூக்குங்க," என்று அண்ணி இரண்டு முறை சொன்னாள். மூன்றாம் முறை சொல்லவில்லை.

மறுநாள் கடைத்தெருவே வந்திருந்தது. பாதிப் பேர் முகத்தில் அவர் மாட்டிவிட்ட கண்ணாடி. வாசலில் இரண்டு பேர் புதுப்படத்தைப் பற்றி மெதுவாகப் பேசத் தொடங்கி, உள்ளே பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். மதியத்துக்குள் எடுத்துக்கொண்டு போய், எல்லாம் முடித்துத் திரும்பினார்கள்.

வீடு காலியானது. கூடத்தில் அண்ணி, குட்டி, டாக்டர். வாடகை நாற்காலிக்காரர் நாற்காலிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். குட்டிக்கு நேற்றிலிருந்து ஒரு கவளம் இறங்கவில்லை. அண்ணன் கடைசியாகக் கேட்டது பொய் என்பதே நெஞ்சில் முள்ளாக நின்றது. யாரிடமாவது கொட்டாவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது.

"டாக்டர், நான் நேத்து படம் பாக்கல. தூங்கிட்டேன். அண்ணாகிட்ட சொன்னதெல்லாம் நானா கட்டின கதை."

டாக்டர் நிமிரவில்லை. "தெரியும்மா."

"எப்படி?"

"அவன்தான் சொன்னான். நீ உள்ள நுழையும்போதே பாத்துட்டானாம். உன் ஒரு பக்கக் கன்னம் முழுக்க நாற்காலித் துணியோட கோடு பதிஞ்சிருந்துச்சாம். 'குட்டி நல்லாத் தூங்கியிருக்காடா, பாவம், ஒரு வாரமா தூங்கல'ன்னான்."

குட்டியின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

"நானும் பாத்தேன். கேக்க மனசு வரல," என்றாள் அண்ணி.

"தெரிஞ்சுமா அவ்வளவு கேள்வி கேட்டாரு?"

"கேக்காம? படம் நல்லாயிருந்தா கேப்பான்ல?" டாக்டர் மூக்கை உறிஞ்சினார். "'தியேட்டர்ல ஓடறதை நீ போய்ப் பாக்காதேடா, ஏமாந்துடுவே'ன்னான். சரி, குட்டி சொன்னதையாவது சொல்லுடான்னேன். 'இன்னும் பாக்காதவன்கிட்ட கதை சொல்ல மாட்டேன்'னுட்டான். கடைசி வரைக்கும் சொல்லலம்மா."

அவர் குரல் உடைந்தது. நாற்காலிகள் மடிகிற சத்தம் மட்டும் கேட்டது.

அண்ணி எழுந்து, அடுக்கிலிருந்து ஒரு நாற்காலியை உருவி, விரித்துக் குட்டிக்கு எதிரே போட்டுக்கொண்டாள்.

"எனக்கும் கேக்கற மாதிரி சொல்லு. மொதல்லேர்ந்து."

குட்டி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பூட்டுக்காரன் பஸ் ஸ்டாப்புல உக்காந்திருக்கான்..."

"ஐயோ, இருங்கம்மா," என்றார் நாற்காலிக்காரர் பதறிப்போய். "சொல்லிடாதீங்க. நான் இன்னும் படம் பாக்கல. வெளிய நிக்கறேன்."

"இது அந்தப் படம் இல்ல," என்றார் டாக்டர். "உக்காருய்யா."

நாற்காலிக்காரர் தயங்கி, கையிலிருந்த நாற்காலியை விரித்து, ஓரமாக உட்கார்ந்தார். குட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள்.