எந்த வருடத்தில் கல்லை நடுவது

எங்கள் இயக்குநரைப் பொறுத்தவரை ஒரு காலம் என்பது ஏதாவதொரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கையெழுத்தான ஓர் உத்தரவோடு தொடங்கும். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வரை பழைய காலம். உத்தரவு இல்லாமல் உலகத்தில் எதுவும் தொடங்கியதாக அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால்.

பேருந்து அருங்காட்சியகத்துக்குச் சுவர் வாசகங்கள் எழுதுவது என் வேலை. பழைய டிப்போவின் பணிமனையைத்தான் அருங்காட்சியகமாக மாற்றிக்கொண்டிருந்தோம். தரையில் நீளமாக ஒரு சாலை வரைந்து, அதன் ஓரத்தில் மைல்கற்கள் வைத்திருந்தோம். ஒவ்வொரு காலமும் ஒரு கல்லில் தொடங்கும். குதிரை வண்டிக் காலம், கரி வண்டிக் காலம், டீசல் காலம் மூன்றுக்கும் கல் நட்டாகிவிட்டது. மிச்சம் இருந்தது பெண் ஓட்டுநர்கள் காலம். கொத்தனார் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தார். சிமென்ட் இறுகினால் வரலாறும் இறுகிவிடும், பிறகு கடப்பாரை போட்டுத்தான் திருத்த வேண்டும்.

இயக்குநருக்கு இதில் சந்தேகமே இல்லை. பெண்களும் ஓட்டுநராகலாம் என்று நாற்பது வருடத்துக்கு முன் உத்தரவு வந்ததே, அந்த வருடம்தான். அப்போது சேர்ந்தவர்கள் நான்கு பேர். அதில் நிலைத்தவர் ஒருவர். நகரத்தின் முதல் பெண் ஓட்டுநர் என்று எல்லோரும் அறிந்தவர். ஒரு திருப்பம் விடாமல் ஹாரன் அடிப்பார் என்பதால் டிப்போவில் அவருக்கு ஹாரன் அக்கா என்று பெயர். அவர் ஓய்வுபெற்றும் அந்தப் பெயர் ஓய்வுபெறவில்லை. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டப்போவதும் அவர்தான்.

அந்த வருடம் தப்பு என்று எனக்கு மட்டும் தெரியும். ஏனென்றால் அதற்கு மூன்று வருடம் முன்பே இந்த டிப்போவிலிருந்து வண்டி எடுத்தவள் என் சித்தி.

சித்தப்பா அப்போது வேலைக்குப் புதிது. சேர்ந்த முதல் ஆறு மாதத்தில் தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால் சீட்டுக் கிழிந்துவிடும். அந்த நேரம் பார்த்து அவருக்கு மஞ்சள் காமாலை. சித்தியோ கல்யாணத்துக்கு முன்பே தன் அப்பாவின் லாரியில் செங்கல் ஏற்றிக்கொண்டு போனவள். தலைமுடியைத் தொப்பிக்குள் செருகி, சித்தப்பாவின் காக்கியை மாட்டிக்கொண்டு போய் பதினேழாம் எண் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நடத்துநர் சித்தப்பாவின் சொந்த அண்ணன், அதனால் வாயைத் திறக்கவில்லை. நேரக் காப்பாளர் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் எங்கள் டிப்போப் பதிவேட்டில் ஓட்டுநரின் பெயரை எழுதும் வழக்கம் கிடையாது, பேட்ஜ் எண் மட்டும்தான். நிமிர்ந்தால்தானே முகம் தெரியும்? அந்தப் புண்ணியவான் குனிந்த தலை நிமிராமல் பதினோரு நாளும் சித்தப்பாவின் எண்ணை, 412 என்று எழுதினார். பன்னிரண்டாம் நாள் சித்தப்பா எழுந்து வந்துவிட்டார்.

சித்தப்பா இருந்தவரை அவர் பெயருக்கு இழுக்கு வரும் என்று சித்தி இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் போய் நான்கு வருடம் கழித்து, நான் அருங்காட்சியக வேலையில் சேர்ந்த பிறகுதான் என்னிடம் சொன்னாள். கூடவே சித்தப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். பதிவேட்டை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரே மனிதர் ஒரே நாளில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் பேருந்திலும் இருக்க முடியாது. நாள் தவறாமல் பதினோரு நாளும் பொருந்தியது.

சித்தி தனக்கென்று யாரிடமும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்று கேட்டாள்.

"அந்தக் கல்லு என் வருஷத்துல இருக்கணும்டி. பேரு கூட வேண்டாம். வருஷம் மட்டும் சரியா இருந்தாப் போதும்."

இருக்கும் என்று வாக்குக் கொடுத்தேன்.

இயக்குநர் சீட்டையும் பதிவேட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஆதாரம் கெட்டி என்று அவருக்கே தெரிந்தது. ஆனால் ஹாரன் அக்காவுக்கு யார் பதில் சொல்வது, அழைப்பிதழ்கூட அச்சாகிவிட்டதே என்றார். அவர் சம்மதம் வாங்கி வந்தால் வருடத்தை மாற்றலாம் என்று பூனைக்கு மணி கட்டும் வேலையை என் தலையில் கட்டினார். வாங்க முடியாது என்ற நம்பிக்கை அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் ஹாரன் அக்காவின் வீட்டுக்குப் போனேன். நான் வேண்டாம் என்றும் கேட்காமல் சித்தி கூடவே வந்தாள். இரண்டாவது மாடி. கூடத்தில் இரண்டு நாற்காலி, ஒரு தையல் இயந்திரம். சுவரில் அந்தப் புகழ்பெற்ற புகைப்படம்: புதுக் காக்கியில் நான்கு பெண்கள், நடுவில் மாலையோடு ஓர் அதிகாரி. அதற்குக் கீழே 'முதல் பெண் ஓட்டுநர்' என்று பொறித்த கேடயம். தினமும் துடைப்பார் போல, பளபளவென்று இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதித் தைரியம் போய்விட்டது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். ஹாரன் அக்கா சீட்டை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் படித்தார். படித்து முடித்துச் சித்தியை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது பயம். நாற்பது வருடமாகப் பூட்டியிருந்த வீட்டுக்குள் வேறொருத்தி சாவியோடு வந்து நிற்பதைப் பார்த்தவர் மாதிரி இருந்தார். எனக்குச் சங்கடமாகிவிட்டது, ஏதோ கையும் களவுமாகப் பிடிக்க வந்தவள் நான் என்பது போல.

அப்போது சித்திதான் வாயைத் திறந்தாள். நாங்கள் பேசி வைத்துக்கொண்டு வந்ததில் அது இல்லவே இல்லை.

"ஒண்ணு கேக்கணும்மா. டிப்போல நீ ஒண்ணுக்கு எங்க போவே?"

ஹாரன் அக்கா சீட்டை மடியில் வைத்துவிட்டார். பிறகு, "நீங்க எங்கக்கா போனீங்க?" என்றார்.

கடைசி நிறுத்தத்தில் ஒரு தையல்காரி வீடு இருந்ததாம். முதல் நாளே அவள் சித்தியின் நடையைப் பார்த்துக் கண்டுகொண்டு, கொல்லைக் கதவைத் திறந்து விட்டாளாம். பதினோரு நாள்தானே, ஒப்பேற்றிவிட்டேன் என்றாள் சித்தி. உனக்கு எப்படி என்றாள்.

அதற்குப் பிறகு என்னை இருவரும் மறந்துவிட்டார்கள். ஹாரன் அக்கா சொல்லிக்கொண்டே போனார். உத்தரவு வந்தது, மாலை வந்தது, படம் எடுத்தார்கள், கழிப்பறை மட்டும் வரவில்லை. விடியற்காலை நாலரைக்கு வண்டி எடுத்தால் மதியம் இரண்டு வரை சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. படத்தில் அவருக்கு இடது பக்கம் நின்றவள் ஐந்தாவது மாதமே வேலையை விட்டுவிட்டாள். மற்ற இருவரும் அந்த வருடம் முடிவதற்குள் போய்விட்டார்கள். பெண்களுக்குப் பொறுமை போதாது என்று மேலிடம் எழுதி வைத்தது. ஆறு வருடம் இவர் ஒருவர்தான். மூன்று தடவை சிறுநீரகத்தில் சீழ் கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடைசியில் ஒரு நாள் முடியாமல், பயணிகளோடு வண்டியை நடுவழியில் நிறுத்தி, யார் வீட்டுக்குள்ளோ போய்ப் பத்து நிமிடம் கழித்து வந்தார். விளக்கம் கேட்டு ஓலை வந்தது. 'டிப்போவில் எனக்குக் கழிப்பறை இல்லை' என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தார். கட்டினார்கள்.

"திறந்த அன்னைக்கு யாரும் ரிப்பன் வெட்டலக்கா. நான்தான் உள்ள போயித் தாழ்ப்பாள் போட்டுப் பாத்தேன். மறுநாள் காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு பாட்டில் தண்ணி முழுசா குடிச்சேன். அப்பதான் எனக்கு வேலை கிடைச்சிருக்குன்னு தோணுச்சு."

சித்தி அழுதாள். ஹாரன் அக்கா அழவில்லை, கேடயத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது பேருந்தில் சித்தி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்குள் ஒரு சனியன் பிடித்த சந்தேகம் நுழைந்துவிட்டிருந்தது. மறுநாள் காலை பணியாளர் பட்டியலை எடுத்து உட்கார்ந்தேன். அந்த நான்கு பேருக்குப் பிறகு, கழிப்பறை கட்டும்வரை ஆறு வருடத்தில் விண்ணப்பித்த பெண்கள் இரண்டு பேர், சேர்ந்தவர் யாருமில்லை. கட்டிய அடுத்த வருடம் சேர்ந்தவர்கள் பதினான்கு பேர். அதற்கடுத்து முப்பத்தொன்று. பிறகு எண்ணுவதையே நிறுத்திவிட்டார்கள். பெண்கள் ஓட்டுவது யாருக்கும் செய்தியாக இல்லாமல் போனது அங்கிருந்துதான்.

சித்தியின் பதினோரு நாளுக்குப் பிறகு ஒருத்தியும் வரவில்லை. வர முடியாது, அவளே வராத மாதிரிதானே வந்து போனாள். உத்தரவுக்குப் பிறகு வந்தவர்கள் போய்விட்டார்கள். ஒரு காலம் தொடங்கியது என்றால் அதற்குப் பிறகு அது நடந்துகொண்டே இருக்க வேண்டாமா? கல்லை எங்கே நட வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம். வாக்குக் கொடுத்த வாய் இது. சித்தியிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். அவள் அப்படிச் சொல்வதைக் கேட்கும் துணிச்சல் எனக்கில்லை.

இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். கழிப்பறைக்குக் கல்லா, ஊர் சிரிக்காதா என்றார். கோப்பில் அது கட்டடப் பழுதுபார்ப்பு என்றுதான் பதிவாகியிருக்கிறது, பழுதுபார்ப்பிலிருந்து ஒரு காலம் தொடங்குமா என்றார். என்னுடைய பட்டியலைப் பார்க்கவே மறுத்தார். நான் ஹாரன் அக்காவுக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். போனை அவரிடம் கொடு என்றார். இயக்குநர் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே மெல்ல உட்கார்ந்தார். கல் கழிப்பறை கட்டின வருடத்தில் இல்லாவிட்டால் வேறு ஆளை வைத்து ரிப்பன் வெட்டிக்கொள்ளுங்கள் என்றாராம். 'முதல்' என்ற சொல்லையும் வாசகத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னாராம். அந்தக் கேடயத்தைப் பார்த்தவளுக்குத்தான் தெரியும், அவர் எதைக் கழற்றிக் கொடுத்தார் என்று.

வெள்ளிக்கிழமை கொத்தனார் கல்லை நட்டார். வருடத்துக்குக் கீழே இரண்டே வரி: 'இந்த ஆண்டு டிப்போவில் பெண்களுக்கு ஒரு கழிப்பறை கட்டப்பட்டது. அடுத்த ஆண்டு பதினான்கு பெண்கள் ஓட்டுநர்களாகச் சேர்ந்தார்கள்.' சித்தப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டும் பதிவேட்டின் அந்தப் பக்கமும் ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருந்தன. அந்தப் பெட்டி அதனுடைய வருடத்தில், கல்லுக்கு ஒன்பது தப்படி முன்னால் இருந்தது. அங்கே சுவர் முழுக்க மீசை வைத்த ஓட்டுநர்களின் படங்கள்.

விழா அன்று கூட்டம் கலைந்த பிறகு சித்தி கல்லுக்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு நடந்து போய்க் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், அவள் முந்திக்கொண்டாள்.

"நீ எழுதினது நியாயம்தான்டி," என்றாள். "ஆனா நான் ஓட்டினேனே, அது எந்தக் காலத்துல சேரும்?"

ஹாரன் அக்கா எப்போது எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார் என்று தெரியவில்லை.

"என் ஆறு வருஷமும் கல்லுக்கு இந்தப் பக்கம்தான் இருக்குக்கா," என்றார்.

சித்தி திரும்பிக் கல்லைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு அந்த மீசைக்காரர்களின் படங்களுக்குக் கீழே, அவரும் வந்து நிற்கச் சற்றுத் தள்ளி இடம் விட்டாள்.