மூன்றாம் பூச்சு

"நாமளே கேக் சுட்டு, நாமளே விலை போட்டு, நாமளே வாங்கி, நாமளே தின்னா லிஃப்ட் எப்படிங்க வரும்?" என்று பெயின்டரம்மா ஒரு நாள் வெடித்துவிட்டாள்.

கேள்வியில் நியாயம் இருந்தது. அவர்களுடைய கிறிஸ்தவ சபை கூடுவது ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே, மாடியில். படிகள் செங்குத்தானவை, நடுவில் ஒரு திருப்பம் வேறு. பெயின்டரம்மா நாலு வருஷத்துக்கு முன்னால் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவள். தகடு வைத்த பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமதரையில் நடப்பாள். படி என்றால் ஒன்றுகூட முடியாது. ஆரம்பத்தில் சபையில் நாலு பேர் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் திருப்பத்தில், தூக்கியவர்களில் ஒருவரான பல் டாக்டரின் கால் நழுவி, நாற்காலி சாய்ந்து, அவள் தலை சுவரில் இடித்தது. அடி ஒன்றும் பெரிதில்லை, மானம்தான் போய்விட்டது.

"தூக்கிட்டுப் போக நான் என்ன சிமென்ட் மூட்டையா? இனிமே என் நாற்காலியை யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பிறகு ஆராதனை அவளுக்குப் போனில் வந்தது. சமையலறையில் சர்க்கரை டப்பா மேல் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, தானும் கூடப் பாடி, ஆமென் சொல்லி முடிப்பாள். யாராவது விசாரித்தால், "எல்லாம் ஒண்ணுதான். ஆண்டவர் போன்லயும் இருக்காரு" என்பாள். பச்சைப் பொய். பாட்டு முடிந்து போனில் அந்தப் பக்கம் எல்லோரும் ஒருவரையொருவர் நலம் விசாரிக்கிற சத்தம் கேட்கும்போது அவள் சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

லிஃப்ட் வைக்கலாம் என்று சபை முடிவு செய்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. கேக் விற்றார்கள், பழைய துணி விற்றார்கள், கார் கழுவினார்கள். யாருடைய காரை? சபைக்காரர்களின் காரைத்தான். எல்லோருக்கும் சுகர் ஏறியதே தவிர நிதி பாதிக்கு மேல் ஏறவில்லை. இதற்கிடையில், "ஒரே ஒரு ஆளுக்காக இவ்வளவு செலவா?" என்று யாரோ படிக்கட்டில் முணுமுணுத்தது அவள் காதுக்கு வந்து சேர்ந்தது. இந்த மாதிரிப் பேச்சுக்கு மட்டும் படி ஏறவும் இறங்கவும் யாரும் லிஃப்ட் வைத்துத் தர வேண்டாம். அன்று அவள் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தாள்.

"காசு வெளியில இருந்து வரணும். அதுவும் என் கையால வரணும்" என்று கணவனிடம் சொன்னாள். "வரலைன்னா லிஃப்ட் பேச்சையே விட்டுடச் சொல்லிடுவேன். போனும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

கணவன்தான் பெயின்டர். அவரை ஊமை என்று நினைத்தவர்களும் உண்டு. சுவரோடு பேசிப் பழகியவர், மனிதர்களிடம் கடிந்து ஒரு வார்த்தை வராது. விலை பேசுவது, வேலை பிடிப்பது, பாக்கி வசூலிப்பது எல்லாம் அம்மாதான். அந்தச் சமயத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் விடுமுறையில் எல்லா அறைகளுக்கும் வெள்ளை அடிக்க ஆள் தேடியது. பெயின்டரிடம் இருந்ததோ இரண்டே வேலையாட்கள். பெயின்டரம்மா போனை எடுத்துப் பள்ளி மேலாளரிடம் பேசி, "எங்களுக்கு ஆள் பலத்துக்குக் குறைச்சலே இல்ல" என்று சொல்லி வேலையைப் பிடித்துவிட்டாள். பெயிண்ட் வாங்குவது லிஃப்ட் நிதியிலிருந்து, கூலி முழுக்க லிஃப்டுக்கு. மேலாளர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். பள்ளி திறக்கிற திங்கட்கிழமை காலையில் சுவர் சுத்தமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கூலி கிடையாது.

"சபைக்காரங்களுக்கு பிரஷ்ஷை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாதேம்மா" என்றார் பெயின்டர்.

"தினமும் பல் தேய்க்கறாங்கல்ல? கத்துக்குவாங்க."

கற்றுக்கொண்டார்கள். முதல் நாள் பள்ளி முற்றத்தில், பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து பெயின்டரம்மா ஒரு சொற்பொழிவே ஆற்றினாள். "இது ஆண்டவர் காசு. ஒரு சொட்டு வீணாகக் கூடாது. திறக்காத டப்பாவைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கார். மிச்சம் பிடிக்கப் பிடிக்க நமக்குத்தான் லாபம்." எல்லோரும் ஒரே குரலில் ஆமென் சொன்னார்கள். அந்த ஆமென்தான் வினையாகப் போயிற்று.

பல் டாக்டர் ஜன்னல் ஓரங்களைப் பிடித்துக்கொண்டார். ஓரம் இழுப்பதில் அவர் கை அசையாது. போதகர் ரோலரோடு அலைந்தார். வங்கியில் வேலை செய்கிற பொருளாளர், திறக்கிற டப்பாவையும் திறக்காமல் மிஞ்சுகிற டப்பாவையும் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனார். முதல் பூச்சு முடிந்து இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தபோது, திறக்காத டப்பாக்கள் முற்றத்தில் ஆள் உயரத்துக்கு நின்றன. "அக்கா, உங்க பேச்சுக்கு இவ்வளவு மகிமையா!" என்றார். அவளும் உச்சி குளிர்ந்துதான் போனாள்.

வகுப்பறைகளுக்கு மூன்று படி ஏற வேண்டும். அதனால் அவள் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. பெயின்டரோ பெரிய கூடத்தில் சாரம் கட்டி, கூரையைப் பார்த்தபடியே பொழுதைப் போக்கிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் இரண்டாவது பூச்சும் முடிந்தது. எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பெயின்டர் வெளியே வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னங்க?"

அவர் குனிந்து அவள் காதோடு சொன்னார். "காய்ஞ்சதும் அடியில இருந்த பழைய பச்சைப் பெயிண்ட் அப்படியே தெரியுதும்மா. எல்லா ரூம்லயும்."

"ரெண்டு பூச்சுக்கு அப்புறமுமா? அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"எப்படிம்மா சொல்றது? போதகர் பாட்டுப் பாடிக்கிட்டே பிரஷ் கழுவறாரு."

பெயின்டரம்மா அந்த மூன்று படிகளைப் பார்த்தாள். வாக்கரைப் பார்த்தாள். பிறகு பல் டாக்டரைப் பார்த்து, "நாலு பேர் வாங்க. என்னைத் தூக்குங்க" என்றாள்.

பல் டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, நானா?"

"நீங்கதான். கால் நழுவினா நழுவட்டும். தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, இனி சாண் என்ன, முழம் என்ன."

நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார்கள். மூன்று வருஷமாகக் கட்டிக் காத்த வைராக்கியம் மூன்று படியில் போய்விட்டது. அதைப் பற்றி வருத்தப்பட அவளுக்கு நேரம் இல்லை. முதல் அறைச் சுவரைப் பார்த்தாள். நனைந்த சட்டைக்குள் பனியன் தெரிகிற மாதிரி வெள்ளைக்குள் பச்சை தெரிந்தது. நகத்தால் சுரண்டினாள். மாவு மாதிரி உதிர்ந்தது.

"எல்லாரும் இங்க வாங்க" என்றாள். குரல் நடைபாதையின் கடைசி வரை போயிற்று. எல்லோரும் வந்து பெட்டிப் பாம்பாக நின்றார்கள். "பெயிண்ட்ல தண்ணி ஊத்தினது யாரு?"

குழாயில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு போதகர் மெல்லக் கையைத் தூக்கினார்.

"ஒரே ஒரு மக் தாம்மா. கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாமேன்னு..."

"ஐயா, நீங்களுமா ஊத்தினீங்க? நான் மட்டும்தான்னு நினைச்சேன்" என்றார் பல் டாக்டர். அவர் கையும் மேலே போயிற்று. அடுத்து பாடகர் குழுவில் முன்வரிசை, பின்வரிசை, பொருளாளர், பொருளாளரின் மாமியார். ஒரே வாளியில், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், ஆளுக்கு ஒரு மக். பெயின்டர் முறையாக ஊற்ற வேண்டியதை ஊற்றிக் கலந்து கொடுத்ததற்கு மேலே இவ்வளவும். சிறு துளி பெரு வெள்ளம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததைப் பள்ளிக்கூடத்திலேயே செய்து காட்டிவிட்டார்கள். கடைசியில் பெயின்டரும் கையைத் தூக்கினார்.

"நீங்க ஊத்தினது கணக்குப்படி. கையை இறக்குங்க" என்றாள். சொல்லிவிட்டுத் தன் கையைத் தூக்கினாள். "ஊத்த வெச்சது நான். மிச்சம் பிடிங்க, மிச்சம் பிடிங்கன்னு உங்க உயிரை எடுத்தது நான்தானே."

யாரோ கொல்லென்று சிரித்தார்கள். அது எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்து ஓய்ந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் சுவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நாளை மறுநாள் திங்கட்கிழமை.

"பெயிண்ட் இருக்கு" என்றார் பொருளாளர். திருப்பிக் கொடுக்க ஆசை ஆசையாக அடுக்கி வைத்த டப்பாக்கள். "நாள்தான் இல்ல."

"நாளைக்கு?" என்றாள் பெயின்டரம்மா.

"நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை" என்றார் மூப்பர். சபையில் ஓய்வுநாள் ஒழுங்குக்கு அவர்தான் காவல். ஞாயிறு அன்று சட்டைக்கு இஸ்திரி போடுவதையே ஒப்புக்கொள்ளாத மனிதர்.

போதகர் கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "ஆராதனையை இங்கயே வெச்சுக்கலாம். முற்றத்துல. முடிஞ்சதும் வேலை."

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. பிரசங்கம்..." என்று பெயின்டரம்மா இழுத்தாள். போதகரின் பிரசங்கம் தொடங்கும்போது பிறந்த குழந்தை அது முடிவதற்குள் நடக்கப் பழகிவிடும் என்று சபையில் ஒரு பேச்சு உண்டு.

"சுருக்கமா முடிச்சிடறேன்" என்றார். ஒருவரும் நம்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முற்றம் நிறைந்துவிட்டது. அதுவரை வேலைப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்களும் பழைய சட்டையோடு வந்திருந்தார்கள். பெயின்டரம்மாவை ஓரமாக உட்காரவிடாமல் நடுவில் உட்கார வைத்தார்கள். பாட்டு ஆரம்பித்ததும் முன்னாலும் பின்னாலும் இரண்டு பக்கமும் குரல்கள் எழும்பின. பக்கத்தில் இருந்த பெண்ணின் தோள் அவள் தோளில் பட்டது. போனில் கேட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. அவள் அழுதாள். வெளிப்படையாக, மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள்.

போதகர் எழுந்தார். வேதப் புத்தகத்தைத் திறந்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மூடிவிட்டார்.

"ஆண்டவருக்குக் கொடுக்கறதைத் தண்ணி கலக்காம கொடுங்க. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன். ஆமென்."

அவ்வளவுதான். சபையின் சரித்திரத்திலேயே மிகச் சின்னப் பிரசங்கம் அது. ஒருவர்கூட மறக்காத பிரசங்கமும் அதுதான்.

பெயின்டரம்மா மறுபடியும் படியேறி, இல்லை, ஏற்றப்பட்டு, நடைபாதையின் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். அறைக்கு ஆள் பிரித்தாள். ஓரத்துக்கு ஒருவர், ரோலருக்கு இருவர், டப்பா நீட்ட ஒருவர். தயவு தாட்சண்யத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். "ஐயா, அது சுவரு, ஆசீர்வாதம் பண்ற மாதிரி தடவாதீங்க, அழுத்துங்க!" என்று போதகரையே விரட்டினாள். இரண்டு வாரமாக அக்கா அக்கா என்று தேனாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் திட்டு வாங்க வாங்க உற்சாகமானார்கள். மூப்பர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"மூப்பரே, நீங்க வேலை செய்ய வேண்டாம். அந்தக் குழாய்ப் பக்கத்துல சும்மா உட்காருங்க. ஒருத்தரும் கிட்ட வரக் கூடாது. உட்கார்றது வேலையில்லையே?"

மூப்பர் யோசித்துப் பார்த்தார். இல்லைதான். போய் உட்கார்ந்தார். அன்று அந்தக் குழாயிலிருந்து ஒருவருக்கும் குடிக்கக்கூடத் தண்ணீர் கிடைக்கவில்லை.

ஒரு அறையில் பாட்டு எழும்பினால் அடுத்த அறை அதைப் பிடித்துக்கொண்டது. ரோலர்கள் பாட்டுக்கு ஏற்றபடி ஏறி இறங்கின. பெயின்டர் அறை அறையாகப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். பொழுது சாய்வதற்கு முன் அவர் வெளியே வந்து மனைவியின் முன் நின்று, வாழ்க்கையில் முதல் முறையாக நாலு பேர் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார். "பச்சை போயிடுச்சு!"

திங்கட்கிழமை காலையில் மேலாளர் வந்தார். போன் விளக்கைப் பக்கவாட்டில் அடித்துச் சுவர் சுவராகப் பார்த்தார். கைக்குட்டையால் தேய்த்தார். ஓரங்களில் குனிந்தார். கடைசியில், "ஜன்னல் ஓரம் யார் இழுத்தது? எங்க வீட்டுக்கும் வேணும்" என்றார். பல் டாக்டர் உள்ளுக்குள் குதித்தார். கூலி முழுசாக வந்தது. நிதி நிறைந்தது.

லிஃப்ட் ஓடத் தொடங்கிய முதல் ஞாயிறு, பெயின்டரம்மா சீக்கிரமே வந்துவிட்டாள். முதல் ஆளாக ஏற வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வந்து பார்த்தால் லிஃப்ட் வாசலில் ஏற்கெனவே ஒரு கூட்டம். காலில் கம்பி போட்டுக்கொண்ட தையற்காரி. மூச்சு வாங்கும் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். இரட்டைக் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்திருந்த ஒரு தாய். ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கிறது என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்த, இப்போது ஊன்றுகோலோடு நின்ற ஒரு தச்சர்.

"நீங்க எல்லாம் எங்க போயிருந்தீங்க?" என்றாள் பெயின்டரம்மா.

"வீட்லதான் இருந்தோம்" என்றாள் தையற்காரி. "நீங்க ஒருத்தராவது வாய்விட்டுச் சொன்னீங்க அக்கா. எங்களுக்குச் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

ஒரே ஒரு ஆளுக்காக இவ்வளவு செலவா என்று கேட்ட குரல் இத்தனை நாளும் அவள் காதிலேயே குடியிருந்தது. அது அந்த இடத்திலேயே அடங்கிப்போனது. கூட்டத்தின் கடைசியில் மூப்பரும் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "சும்மா, மெஷின் எப்படி ஓடுதுன்னு பார்க்க வந்தேன்" என்றார்.

ஒரு தடவைக்கு மூன்று பேர்தான் ஏற முடியும். பெயின்டரம்மா வாக்கரை ஓரமாக நிறுத்திக்கொண்டு வரிசையைச் சரி செய்ய ஆரம்பித்தாள். "தள்ளாதீங்க, குழந்தைங்க முதல்ல போகட்டும்." முதலில் ஏற வந்தவள் எல்லோரையும் அனுப்பிவிட்டுக் கணவனோடு கடைசியாக ஏறினாள்.

மேலே கதவு திறந்தது. ஆராதனை இன்னும் தொடங்கவில்லை. போதகர் உட்பட அத்தனை பேரும் எழுந்து நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாக்கரை முன்னால் வைத்து, ஒரு காலை எடுத்து மாடித் தரையில் ஊன்றினாள்.

"என்ன பார்க்கறீங்க? நேரமாச்சு, பாடுங்க!" என்றாள். முதல் அடியை அவளே எடுத்துக் கொடுத்தாள்.