சிவந்தியின் பூட்சு

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த மறு வருஷம் கோடையில், வள்ளூர் உப்பளத்தில் வேலை செய்த சிவந்திக்குக் குதிகால் இரண்டும் பாளம் பாளமாக வெடித்துவிட்டன. வெடிப்பில் உப்புத் தண்ணீர் இறங்கினால் உச்சந்தலை வரை எரியும். அளத்துப் பெண்கள் எல்லோருக்கும் அதே கதிதான். வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் பாத்தியில் இறங்குவார்கள். சிவந்தி மட்டும், "காலுக்கு ஏதாச்சும் போட்டாத்தான் இனிமே எறங்குவேன்" என்று சொல்லிவிட்டு, எண்ணூரில் ரயிலேறி வண்ணாரப்பேட்டைக்குப் போனாள்.

அங்கே மதார் சாகிப் பட்டாளத்தில் கழித்த பூட்சுகளைக் குவித்து வைத்து விற்றுக்கொண்டிருந்தார். அடியில் ஆணி அடித்த சிப்பாய் பூட்சு, முழங்கால் வரை வரும் குதிரைக்காரர் பூட்சு. பக்கத்தில் அவரே தைத்த தோல் செருப்பும், மூக்கு வளைந்த கல்யாண ஜோடும்.

"வூட்டுக்காரருக்காம்மா?"

"எனக்குத்தான் சாயபு. உப்புல நிக்கணும்."

சிரிக்கப் போனவர் அவள் காலைப் பார்த்ததும் அடங்கிப்போனார். சின்ன அளவில் ஒரு சிப்பாய் பூட்சைத் தேடிக் கொடுத்தார்.

அது ஒரு வாரம்கூட வரவில்லை. தோல் கட்டையாக விறைத்தது. ஆணியின் துரு வெள்ளை உப்பில் செம்பழுப்பாக இறங்கியது. மேஸ்திரி கிருஷ்ணப்பன் குதித்தார்.

"ஊரே துன்ற உப்புமே இது! கயட்டிப் போடு!"

அவர் சொன்னது நியாயம் என்றுதான் சிவந்திக்கும் பட்டது. கழற்றினாள். ஆனால் வெறுங்காலோடு இறங்கவில்லை. மறுபடியும் ரயிலேறினாள்.

"தோலுன்னா எதுவும் உப்புக்குத் தாங்காதும்மா" என்று மதார் சாகிப் கையை விரித்தார்.

பக்கத்துப் பஞ்சர் கடையில் பழைய லாரி டியூப் தொங்கிக்கொண்டிருந்தது. சிவந்தி அதைக் காட்டினாள்.

"அத்த வெட்டித் தச்சிக் குடேன்."

"ரப்பரத் தச்சா ஊசி ஓட்டையில தண்ணி ஏறும்."

"தைக்க வாணாம். ஒட்டு."

அவர் கொஞ்ச நேரம் தாடியை நீவினார். பிறகு ஒரு குதிரைக்காரர் பூட்சின் தையலைப் பிரித்து, அந்த வாகிலேயே டியூபை வெட்டி, அடிக்கு இரட்டை மடிப்பு வைத்து, பஞ்சர் சொல்யூஷன் போட்டு ஒட்டினார். மேலே இழுத்துக் கட்ட ஒரு நாடா.

மறுநாள் வரப்பிலேயே கிருஷ்ணப்பன் மறித்தார்.

"மறுபடியுமா? பொம்பள பூட்சு போட்டுக்கினு நின்னா மொதலாளி என்னை இன்னா கேப்பாரு?"

சிவந்தி அவர் கண்ணெதிரே பூட்சைக் கழுவி, முந்தானையால் அழுத்தித் துடைத்துக் காட்டினாள். துணியில் கறை இல்லை.

"ஆணி இல்ல, துரு இல்ல. தெருவுல போட மாட்டேன், பாத்தியில மட்டுந்தான். மொதலாளி கேட்டா என்னாண்ட அனுப்பு."

"வூட்டுக்குப் போமே!"

அவள் நகரவில்லை. பின்னால் நின்ற கன்னியம்மா, உப்பு வாரும் பலகையை வரப்பில் சாத்திவிட்டு உட்கார்ந்தாள். "அவ எறங்குனாத்தான் நாங்களும் எறங்குவோம்." மற்ற பெண்களும் உட்கார்ந்தார்கள்.

கடல் பக்கம் மழைமேகம் கட்டிக்கொண்டிருந்தது. மழை விழுந்தால் விளைந்த உப்பு அத்தனையும் கரைந்து போகும். கிருஷ்ணப்பன் வானத்தைப் பார்த்தார், சிவந்தியைப் பார்த்தார், வழி விட்டார்.

மழைக்கு முன்னால் உப்பை வாரிக் குவித்து ஓலை போட்டு மூடினார்கள். சிவந்தி பூட்சைக் கழற்றியபோது கால் வியர்வையில் ஊறி வெளுத்திருந்தது. ஆனால் எரிச்சல் இல்லை. கன்னியம்மா அதை வாங்கித் தன் காலை நுழைத்துப் பார்த்தாள். பாதிக்கு மேல் போகவில்லை.

"எனுக்குக் கொஞ்சம் பெருசா வோணும்" என்றாள். "வண்ணாரப்பேட்டைக்கு எப்பமே போலாம்?"