மக்தெல்டின் கன்னம்

ஹார்லெம் ஊரில் ஓவியர் கோவர்ட்டிடம் இருபது வருஷம் சாயம் அரைத்தவன் நான். அவரை நல்ல மனிதர் என்று சொல்பவன் எவனையும் நான் நம்புவதில்லை.

ஒரு பனிக்காலத்தில் தன் ஆறு வயது மகள் மக்தெல்டை உட்காரவைத்து வரைந்தார். கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம் பச்சையடிக்கும் என்று வடக்கு ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல். கன்னம் இரண்டும் சிவந்து கிடந்தன.

அவர் மனைவி கிரீத் போர்வையோடு வந்தாள். "என்னங்க, உடம்பு நெருப்பாக் கொதிக்குது. ஜன்னலைச் சாத்திட்டு அவளைப் படுக்க விடுங்க."

"சாயம் காயறதுக்குள்ள கன்னத்தை முடிச்சாகணும். நாளைக்கு இந்தச் சிவப்புக்கு நான் எங்கடி போவேன்?"

"அப்பா, குளிருது" என்றது பிள்ளை.

"வாயை அசைக்காதம்மா." பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்கென்னய்யா வேடிக்கை? சிவப்பை அரை" என்றார். நானும் அரைத்தேன்.

பொழுது சாயும்வரை அவர் விடவில்லை. நான்காம் நாள் பிள்ளை செத்துப்போனது.

அடக்கத்துக்கு வந்தவர்கள் பீர்க் குவளையோடு படத்தைச் சுற்றி நின்றார்கள். கன்னத்தில் ரத்தம் ஓடுவதுபோலவே இருக்கிறது என்று ஒருவர் மாற்றி ஒருவர் புகழ்ந்தார்கள்.

"அது காய்ச்சல்" என்றாள் கிரீத்.

கோவர்ட் அவள் தோளில் கை வைத்தார். "அதத்தான் நானும் சொல்றேன். அன்னிக்கு உன் பேச்சைக் கேட்டிருந்தா இதுவும் நமக்கு மிஞ்சியிருக்காது."